ஆகஸ்ட் மாதத்தில் இனியன் செய்தது

மணிமொழிக்கு ஆங்கிலம் கல்லூரியில் வரவில்லை. செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டியிருந்த ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில்தான் வந்தது. பி.ஏ. முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெந்நீர் வரவில்லை என்று சொல்ல வந்த ஒரு வெளிநாட்டு அம்மாளிடம் "எஸ், எஸ்" என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, துணி மடிக்கும் அறைக்குள் போய் அழுதவள் அவள். அப்புறம் அழுவதற்கு நேரமில்லாமல் போய்விட்டது. அறை காலியில்லை என்பதை மனம் நோகாமல் சொல்ல, மலை ஏறக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல, வந்த மின்னஞ்சலுக்கு அன்றைக்கே பதில் போட என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். முதலாளி சென்னையில் இருந்தார். விடுதி இவள் கையில் ஓடியது.

வீடு அடி அண்ணாமலையில். அப்பா அப்பாசாமிக்கு ஊருக்குப் பின்னால் கொஞ்சம் நிலம்; மணிலாக்கொட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை போடுவார். கிரிவலப் பாதையோரம் ஒரு டீக்கடையும் உண்டு. மற்ற நாளில் அவரே பார்த்துக்கொள்வார். பௌர்ணமி வந்தால் அம்மா திரௌபதியும் கடையில் நிற்க வேண்டும். தம்பி இனியன் மணிமொழியைவிட ஏழு வயது சின்னவன். அவனை உயிரித் தொழில்நுட்பம் படிக்கச் சொன்னது மணிமொழிதான். விடுதியில் தங்கியிருந்த யாரோ ஒருவர் அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, அடுத்த வாரமே தம்பிக்காக விண்ணப்பம் வாங்கி வந்தாள்.

"அல்லாரும் கம்ப்யூட்டருக்குப் போறாங்க, இவன் எதுக்குப் போறான்னே வாயில வர மாட்டேங்குது," என்று திரௌபதி குறைப்பட்டுக்கொண்டாள். ஆனால் அவன் ஊருக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் பஸ்ஸில் ஏறிப் போவதைப் பார்க்க, தினமும் காலையில் கடை வாசலுக்கு வந்து நிற்பாள்.

மூன்றாம் வருஷத்தில் அவன் ஒரு குழுவில் சேர்ந்தான். உலகம் முழுக்க இருக்கிற கல்லூரி மாணவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் ஒரு போட்டி அது. உயிர்களின் மரபணுவை எடுத்து, புதிதாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். பேராசிரியை கீதாஞ்சலி வழிகாட்டி. விமல்ராஜ் தலைவன். ஆரணியிலிருந்து வந்து கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த வினோதினியும் இனியனும் வேறு இரண்டு பேரும் உறுப்பினர்கள். சிலந்தி நூலைச் சிலந்தி இல்லாமல் செய்வது என்று முடிவெடுத்திருந்தார்கள்.

"ஒட்டடைய இன்னாடா பண்ணப் போறீங்க?" என்று திரௌபதி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒட்டடை இல்லம்மா, நூலு. அதே தடிமனுக்கு இரும்புக் கம்பிய வெச்சுப் பாத்தா இது அவ்ளோ லேசுல அறாது. சிலந்தி உடம்புக்குள்ள, நூல எப்படிச் செய்யணும்னு ஒரு குறிப்பு இருக்குது. அந்தக் குறிப்ப மட்டும் பாக்டீரியாவுக்குள்ள வெச்சுட்டா, அது செஞ்சு குடுக்கும்."

"குடுத்துச்சா?" என்றார் அப்பாசாமி.

"இன்னும் இல்ல நைனா."

அன்றிலிருந்து அது வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. அவன் பையைக் கழற்றி வைப்பதற்குள் அப்பாசாமி கடையிலிருந்தே "குடுத்துச்சா?" என்று குரல் கொடுப்பார். அவன் உதட்டைப் பிதுக்குவான். டீ குடிக்க நின்றிருப்பவர்களுக்குக்கூடக் கேள்வி பழகிவிட்டது.

ஏன் கொடுக்கவில்லை என்பதை அவன் அக்காவிடம் மட்டும் விளக்கமாகச் சொல்வான். அவளுக்குப் பாதிதான் புரியும்; ஆனால் கேட்பாள்.

"அந்தக் குறிப்பு இருக்குதே, ஒரே வாக்கியத்த நூறு வாட்டி எழுதின மாதிரிக்கா. பாக்டீரியாவுக்கு அது பாரம். நடுவுல வெட்டித் தூக்கிப் போட்டுட்டு, குட்டையா ஆக்கிக்கிது. வளக்கற தட்டுல பாத்தா சூப்பரா வளந்திருக்கும். அல்லாரும் கை தட்டுவாங்க. நான் அத ஒடைச்சுப் பாத்தா, நாம வெச்சது உள்ள இருக்காது."

"அப்ப இன்னா பண்ணுவ?"

"மறுபடியும் வெப்பேன். சூட்டக் கம்மி பண்ணிப் பாக்கறேன், வேற வகை பாக்டீரியா வெச்சுப் பாக்கறேன். நேத்துகூட விமல் கேட்டான், 'ஏன்டா நீ மட்டும் எப்பப் பாத்தாலும் இல்ல இல்லன்றே'ன்னு. இல்லாதத எப்படிக்கா இருக்குதுன்றது?"

கோபமாகச் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஜனவரியிலிருந்து ஜூலை வரைக்கும் அவன் செய்தது இதுதான். வைப்பது, வளர்ப்பது, உடைத்துப் பார்ப்பது, இல்லை என்று சொல்வது.

ஜூலை கடைசியில் ஒரு மழை நாள். கல்லூரி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, கூடப் படிக்கிறவனின் பைக்கை வாங்கிக்கொண்டு வந்தான். சாலையில் தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் இருந்தது. விழுந்தவன் மேல், பின்னால் வந்த லாரி ஏறவில்லை, உரசிக்கொண்டுதான் போனது. ஆனால் தலை சாலையில் மோதிவிட்டது. திருவண்ணாமலையில் பார்த்துவிட்டு வேலூருக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். வேலூரில் அவன் கண் திறக்கவே இல்லை. ஆகஸ்ட் முழுவதும் மணிமொழி ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்க்க விடும் நேரத்தில் போய்ப் பார்ப்பாள். மூச்சை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்தது. விமல்ராஜும் வினோதினியும் ஒருமுறை வந்தார்கள். வினோதினி கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்று, வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். ஆகஸ்ட் கடைசியில் இனியன் போய்விட்டான்.

நவம்பரில் கல்லூரியில் விழா வைத்தார்கள். குழுவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்திருந்தது. அப்பாசாமியையும் திரௌபதியையும் காரில் அழைத்துப் போய் மேடையில் உட்கார வைத்தார்கள். விமல்ராஜ் ஒலிபெருக்கியில் பேசினான். "எல்லாரும் கைவிட்ட நேரத்துல, விடாம நின்னு இந்த நூலை இழுத்தவன் எங்க இனியன். இது அவனோட நூல்." கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே முடியைவிட மெல்லியதாக, வெள்ளையாக ஒரு இழை. அப்பாசாமி மேடையை விட்டு இறங்கும் முன் அதன் அருகே போய், "தொடலாமுங்களா?" என்றார். கீதாஞ்சலி குழாயையே எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். கொடுத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் மணிமொழி வரவேற்பு மேசையின் கணினியில் குழுவின் இணையப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அந்தப் போட்டியில் யார் எதைச் செய்தார்கள் என்று தனியாக ஒரு பக்கம் எழுதியே ஆக வேண்டுமாம். உதவிய பேராசிரியர், கருவி கொடுத்தவர், படம் வரைந்தவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஐந்தாவதாக, ஒரு தீபத்தின் படத்தோடு இனியன் பெயர். 'இறுதிக்கட்டப் புரதத் தயாரிப்பு, சுத்திகரிப்பு, நூல் இழுத்தல்: ஆகஸ்ட் மாதம். முழுக்க முழுக்க இனியன் அப்பாசாமி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஜனவரி முதல் ஜூலை வரை அவன் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தோற்றுப்போன எதைப் பற்றியுமே அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் என்ற சொல்லின் மேல் அவள் கண் நின்றது. பிறகு, பிள்ளைகள் பாசத்தில் போட்டிருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செத்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை. அதில் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த வரிகளைத் தமிழில் அழகாக எழுதி, அச்செடுத்து, கண்ணாடி போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். எழுதும்போது மாதத்தை மட்டும் விட்டுவிட்டாள். திரௌபதி அதை மகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் சேர்த்துப் பூ வைத்தாள். டீ குடிக்க வந்தவர்களை அப்பாசாமி வீட்டுக்குள்ளேயே கூட்டி வந்து காட்டுவார். ஒரு பௌர்ணமியன்று பெங்களூரிலிருந்து வந்த யாரோ அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் வெயில் காலம். அன்றைக்கு மணிமொழிக்கு விடுமுறை. கடைக்குப் பின்னால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டோ ஓட்டுகிற காசி, பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு முன்னால் வந்து நின்றது தெரிந்தது. காசி எப்போதும் சத்தமாகப் படிக்கிற ஆள். அன்றைக்குச் சத்தமில்லை.

"பெரியப்பா, இது நம்ம இனியன் காலேஜிதானே?"

"இன்னாடா போட்டுக்கீறான்?"

காசி தயங்கினான். "நீங்க மணியக் கூப்புடுங்க."

மணிமொழி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். மாவட்டச் செய்திப் பக்கத்தில் கீழே, சின்னதாகத்தான் இருந்தது. திருவண்ணாமலை மாணவர்களின் சிலந்தி நூல் ஆய்வில் முறைகேடு. பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. வேறு நாட்டு மாணவர்கள் இந்த ஆய்வை மேலே கொண்டுபோக விரும்பி நூலில் ஒரு துண்டு கேட்டிருக்கிறார்கள். கல்லூரி பெருமையாக அனுப்பிவைத்திருக்கிறது. அவர்கள் சோதித்துப் பார்த்தபோது அது சிலந்தி நூலே அல்ல. சாதாரண பட்டுப்பூச்சியின் பட்டு. கல்லூரித் தரப்பில் விசாரித்ததில், அந்தப் பகுதியைத் தனியாகச் செய்த மாணவர் தற்போது உயிருடன் இல்லை என்றும், மற்ற மாணவர்களுக்கு இதில் தொடர்பில்லை என்றும் தெரிவித்தார்கள்.

பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அடி அண்ணாமலைக்கே தெரியும்.

"படிம்மா," என்றார் அப்பாசாமி.

அவள் படித்தாள். இந்த முறை எதையும் விடவில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டு, கொதித்துக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்தார். "எம் புள்ள ஏமாத்தினான்றானா?" என்றார். அங்கே நின்றிருந்தவர்களில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளே மணிமொழி கல்லூரிக்குப் போனாள். கீதாஞ்சலி அறைக் கதவைத் தானே சாத்தினார். நல்ல மனுஷி என்று இனியன் சொல்லக் கேட்டிருக்கிறாள். ஒல்லியாக, தூங்காத கண்களோடு, பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஆகஸ்ட்ல என் தம்பி வேலூர்ல இருந்தான். மூச்சுகூடத் தானா விடல. அவன் எப்படி நூல் இழுத்திருப்பான்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் பேப்பர்ல அப்படிச் சொன்னீங்களா?"

"நான் சொல்லலை. மேனேஜ்மென்ட் சொன்னாங்க. நான் சொன்னது, அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான்னு." அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "உயிரோட இருக்கற நாலு பசங்க. ஒருத்தனுக்கு வேலை கெடச்சிருக்கு, ஒருத்தி மேல படிக்கப் போறா. இது அவங்க பேர்ல ஏறினா அதோட முடிஞ்சது. இனியனுக்கு இனிமே..."

"இனிமே ஒண்ணுமில்ல. அதான?"

கீதாஞ்சலி ஒரு பேப்பர்க் கட்டைத் தள்ளி வைத்தார்.

"அவன் பேர எடுக்கச் சொல்லி வரல மேடம். அவன் இன்னா செஞ்சானோ அத எழுதுங்க. ஜூலை வரைக்கும் செஞ்சத எழுதுங்க. ஆகஸ்ட்ட யார் செஞ்சாங்களோ அவங்க பேர்ல எழுதுங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

கீதாஞ்சலி அவளை நிமிர்ந்து பார்த்தார். குரல் கடுமையாக இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது. "மணிமொழி, அந்தப் பக்கத்தை நீங்க எப்பப் படிச்சீங்க?"

"போன நவம்பர்ல."

"ஆகஸ்ட்னு போட்டிருந்ததை அப்பவே பாத்தீங்கல்ல? அப்ப ஏன் வந்து சொல்லலை?"

மணிமொழி எழுந்து வெளியே வந்தாள். பஸ்ஸில் அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. புகழாக இருந்தபோது வாங்கி மாட்டிக்கொண்டோம். பழியாக மாறியதும் பொய் என்கிறோம். நாளைக்கு எவன் கேட்டாலும் இதைத்தானே கேட்பான் என்று நினைத்துக்கொண்டே, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போனாள். வினோதினியின் அப்பா பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். வீட்டுக்குப் பின்புறம் கொடியில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பட்டு நூல் கற்றைகள் தொங்கின. அவற்றைப் பார்த்ததுமே மணிமொழிக்குப் பாதி புரிந்துவிட்டது. வினோதினிக்கும் அது தெரிந்தது. அம்மா காதில் விழாதபடி, அவளைத் தெருக்கோடி வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள்.

"நான்தாங்க்கா கழிவுப் பட்டு எடுத்துட்டுப் போனேன். லேப்ல இருக்கற ஒரு ரசாயன உப்புல கரைச்சு, விமல்தான் ஊசியில இழுத்தான். எங்களுது வரவேயில்ல. இனியன் சொன்ன மாதிரியேதான், உள்ள ஒண்ணுமே இல்ல. போட்டோவுக்கு மட்டும்னு ஆரம்பிச்சோம்."

"பேர ஏன் அவன் மேல போட்டீங்க?"

"அது மொதல்லயே போட்டது. அவன் செத்த மறுவாரம். கடைசிப் பகுதிய அவன் பேர்ல விட்டுடலாம், நாம செஞ்சு முடிச்சு அவனுக்குக் குடுத்துடலாம்னு நான்தான் சொன்னேன். நெசமாலுமே பாசத்துலதாங்க்கா சொன்னேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்பால நூலு இப்படி ஆயிடுச்சு. திட்டத்துல அதுக்குப் போட்டிருந்த ஆகஸ்டும் அப்படியே நின்னுடுச்சு. பேர மாத்தணும்னு யாருக்கும் தோணல."

மணிமொழி அவளையே பார்த்தாள்.

"தோணுச்சு," என்றாள் வினோதினி. "தோணுச்சுக்கா. யாரும் வாயத் தொறக்கல."

"இத எழுதித் தருவியா?"

"பெங்களூர்ல சீட் கெடச்சிருக்குது. ஜூலைல சேரணும்."

அதற்கு மேல் கேட்க மணிமொழிக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லையா, கேட்டாலும் பயனில்லை என்று தெரிந்துவிட்டதா என்று பின்னாளில் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தப் பெண்ணுக்கும் ஒரு அக்கா இருந்து, அந்த அக்காவும் எங்கோ போய் விண்ணப்பம் வாங்கி வந்திருப்பாளோ என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பின் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

போட்டி நடத்துகிறவர்களுக்கு அவளே எழுதினாள். விடுதியின் மதிய நேரத்தில், யாரும் மேசைக்கு வராதபோது, வார்த்தை வார்த்தையாக யோசித்து எழுதினாள். தம்பி எந்தத் தேதியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டான் என்பதற்குத் தாள்களை இணைத்தாள். நூலைச் செய்தது யார் என்பதை எழுதவில்லை. என்னிடம் சாட்சி இல்லை என்று மட்டும் எழுதினாள். அவன் பெயரை நீக்க வேண்டாம், அவன் செய்த வேலைக்கு நேரே மாற்றிப் போடுங்கள் என்று முடித்தாள்.

மரியாதையான பதில் வந்தது. அவள் இழப்புக்கு வருந்தினார்கள். போட்டி முடிந்ததும் பக்கங்கள் பூட்டப்பட்டுவிடும்; பிறகு அவற்றில் யாரும் எதையும் திருத்த முடியாது. கல்லூரி முறைப்படி கேட்டுக்கொண்டால் மேலே ஒரு குறிப்பு சேர்க்கலாம். எனவே அவள் கடிதத்தைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

கல்லூரி நிர்வாகத்துக்கு அது வசதியாகப் போயிற்று. வழக்கு, வாய்தா என்று போகாமல் முடிக்க ஒரு வழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அது அவள் கையாலேயே வந்து சேர்ந்தது. பத்து நாளில் குறிப்பு ஏறியது. மணிமொழி அதை வரவேற்பு மேசையில் நின்றபடியே படித்தாள். 'காலஞ்சென்ற உறுப்பினரின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அவரது பெயர் இந்த ஆய்விலிருந்து விலக்கிக்கொள்ளப்படுகிறது.' கீழே பூட்டப்பட்ட பழைய பக்கம் அப்படியே இருந்தது. தீபமும் ஆகஸ்டும் உட்பட. கல்லூரியின் சொந்தப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அங்கே குழுப் படம் மாறியிருந்தது. நான்கு பேர் நின்றார்கள். ஓரத்தில் நின்ற இனியனை வெட்டியதில், வினோதினியின் தோளில் கொஞ்சமும் போயிருந்தது.

அறைச் சாவி கேட்டு வந்து நின்ற பிரெஞ்சுக்காரர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தானே சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை ஒரு மாதத்தை மறைத்ததன் பலனைப் பார்த்துவிட்டதால், அன்று மாலையே சொன்னாள். வேலூர், ஆகஸ்ட், ஆரணிப் பட்டு, தன் கடிதம், கல்லூரியின் குறிப்பு என்று எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாசாமி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திரௌபதி நின்றுகொண்டே கேட்டாள்.

"இப்ப அவன் பேரு எங்கயும் இல்லியா?"

"பழைய பக்கத்துல இருக்குதும்மா. ஆனா மேல..."

"இல்லியான்னு கேட்டேன்."

"இல்ல."

"தப்பாவோ ரைட்டாவோ ஒரு எடத்துல இருந்துச்சு," என்றாள் திரௌபதி. "ஊரு எதுனா சொல்லிட்டுப் போவுது, நாளாச்சுன்னா அதுவும் மறந்துடும். பேரு இருந்திருக்கும். நீ இங்கிலீசு தெரியும்னு போயி அத அழிச்சுட்டு வந்துட்ட. நீ குடும்பமா? யாரக் கேட்டு எழுதின?"

"அவன் மேல திருட்டுப் பட்டம்மா அது!"

"எம் புள்ள திருடலன்னு எனக்குத் தெரியும். எனக்கு யாரு சொல்லணும்?"

அவள் போய்ச் சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, துணியில் சுற்றி அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்தாள். அன்றிலிருந்து மகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு போட்டு வைப்பாள். எடுத்துச் சாப்பிடு என்று சொல்ல மாட்டாள். கொஞ்ச நாளில் மணிமொழி, வேலை ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டு, விடுதிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையிலேயே தங்க ஆரம்பித்தாள். பௌர்ணமிக்கு மட்டும் கடையில் உதவ வீட்டுக்குப் போவாள். அப்பாசாமி கடையில் இப்போது யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை. கேட்டதைக் கொடுப்பார், காசை வாங்கிப் போடுவார்.

ஆனிப் பௌர்ணமி. மதியமே கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. மணிமொழி தண்ணீர் பாட்டில்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது வினோதினி வந்து நின்றாள். தோளில் பெரிய பை. மறுநாள் பெங்களூர் போகிறாளாம்.

"எதுக்கு வந்த?" என்றாள் மணிமொழி, தணிந்த குரலில்.

"அவங்ககிட்ட நானே சொல்லணுங்க்கா."

அப்பாசாமி பாய்லருக்குப் பின்னால் நின்றிருந்தார். வினோதினி அவர் முன்னால் போய், நடந்து போகிறவர்களின் செருப்பில்லாத கால்களும் "அரோகரா" சத்தமும் பக்கத்தில் போய்க்கொண்டிருக்க, யார் பட்டு எடுத்து வந்தது, யார் கரைத்தது, யார் இழுத்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவில் இரண்டு பேர் டீ கேட்டார்கள். அவர் ஆற்றிக் கொடுத்துவிட்டு, "ம், சொல்லு," என்றார். அவள் சொல்லி முடித்தாள்.

"அப்ப எம் புள்ள இன்னாதாம்மா செஞ்சான்?"

"அவன் எல்லாத்தயும் செஞ்சான்ப்பா. எதுவும் வரல."

"எதுவுமே?"

"ஒவ்வொரு வாட்டியும் உள்ள வெப்பான். பாக்டீரியா வெட்டிடும். எங்க வெட்டுதுன்னு பாப்பான். வேற மாதிரி வெப்பான். அதுவும் வெட்டிடும். நாங்க அல்லாரும் இருக்குதுன்னு சொல்லும்போது, அவன் மட்டும் இல்லன்னு சொல்லுவான். அவன் சொன்னதுதான் கடைசில சரி."

அப்பாசாமி டம்ளர்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்தார். "இந்த வராததெல்லாம் எதுக்குனா ஆவுமா?"

"ஆவும்ப்பா. வேற யாரனா இதே வேலைய எடுத்தா, இந்த வழில போவ வேணாம்னு தெரியும். ஒரு வருசம் மிச்சமாவும் அவங்களுக்கு."

"எங்கனா எழுதி வெச்சுக்கீறீங்களா அத?"

வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லப்பா."

"எழுதுவீங்களா?"

அவள் தோள்பையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது அதற்கும் ஒரு பதில் யோசித்து வைத்திருப்பாள் போலிருக்கிறது. அவர் முகத்துக்கு நேரே அது வரவில்லை. "பாக்கறேன்ப்பா," என்றாள்.

"சரிம்மா," என்றார் அவர். அதற்குமேல் கேட்கவில்லை. வரிசையில் நின்ற பெரியவருக்குச் சர்க்கரை போடாத டீ ஒன்று ஆற்றினார்.

இவ்வளவு நேரமும் கடைக்கு உள்ளே, இவர்களுக்கு முதுகு காட்டி, திரௌபதி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது. அவள் திரும்பவேயில்லை. வினோதினி அவளைப் பார்த்து ஒருமுறை "அம்மா" என்று கூப்பிட்டாள். பதில் வராததால் பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்விட்டாள்.

பொழுது சாய்ந்து, வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், திரௌபதி மகள் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"அந்தப் பொண்ணு எதுனா துன்னுதா?"

"இல்லம்மா. போயிட்டுது."

"கேக்கறதில்லியா நீ? அவ்ளோ தூரம் போற பொண்ணு."

பேச்சை நிறுத்திய பிறகு அவள் மணிமொழியிடம் பேசிய முதல் பேச்சு அது. அதோடு நின்றுவிட்டது. அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு வார்த்தை, அதற்கடுத்ததற்கு ஒன்றுமில்லை.

வினோதினி பெங்களூரில் சேர்ந்துவிட்டாள். எழுதினாளா என்று தெரியாது. விமல்ராஜுக்குச் சென்னையில் நல்ல வேலை என்று கேள்வி. மணிமொழி இன்னும் அதே விடுதியில்தான் இருக்கிறாள். யாரும் மேசைக்கு வராத மதியங்களில், கீதாஞ்சலி மேடத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவாள். ஜனவரியிலிருந்து ஜூலை வரை என் தம்பி செய்ததை எழுதிக் கொடுங்கள், எங்கேயும் போட வேண்டாம், வீட்டுக்கு மட்டும் போதும் என்று அதில் இருக்கும். முதல் கடிதத்துக்கு, பார்க்கலாம் என்று பதில் வந்தது. மற்றவற்றுக்கு வரவில்லை.